ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி: குருவிட்டத் தோட்டங்களில் கற்றுக்கொண்டவை

பாதுகாப்பு என்ற சொல் எம்மில் பலருக்கு நல்ல நினைவைத் தரும் சொல் அல்ல. 2009 ஜனவரியில் வன்னியில் 'பாதுகாப்பு வலயம்' என்று அறிவிக்கப்பட்ட இடத்துக்குப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய பெண்களுக்கு அந்தச் சொல்லின் விலை தெரியும். வலிகாமம் வடக்கில் 'உயர் பாதுகாப்பு வலயம்' என்ற பெயரில் வீட்டையும் காணியையும் இழந்தவர்களுக்கும் தெரியும். அதனால் 'சிறுவர் பாதுகாப்புப் பயிற்சி' என்று யாராவது அழைத்தால் எமது பெண்கள் பாதி மனதோடுதான் வருகிறார்கள்.

சப்ரகமுவ மாகாணத்தில் குருவிட்டப் பகுதித் தோட்டங்களிலுள்ள தொண்டர் இளைஞர் யுவதிகளுக்கு இப்பயிற்சியை நடத்தச் சென்றபோது, அங்கேயும் அந்தச் சொல் சரியாகப் போய்ச் சேரவில்லை. காரணம் வேறு. "பாதுகாப்புன்னா வாச்சர் வேலையா அக்கா?" என்று ஒரு தம்பி கேட்டார். தோட்டத்தில் இரவில் ஸ்டோரையும் மரத்தையும் காப்பவர் வாச்சர். பிள்ளைக்குக் காவல் என்றால் கம்போடு ஓர் ஆள் வாசலில் நிற்பது என்றுதான் அவர்கள் எண்ணினார்கள். 'பிள்ளைக்கு எம்மால் தீங்கு வராமல் பார்ப்பது, வேறு யாராலும் வந்தால் மறைக்காமல் இருப்பது' என்று நீளமாகச் சொன்ன பின்னர்தான் விடயம் விளங்கியது. அதன் பிறகு பயிற்சி முழுவதும் நீளமான அந்த வசனத்தையே பாவித்தோம்.

இதனை உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. குருவிட்டவுக்கும் வன்னிக்கும் உள்ள உறவு பழையது. 1977 இலும் பின்னர் 1981 ஓகஸ்டிலும் நடந்த வன்செயல்களின்போது இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் லயன்கள் எரிக்கப்பட்டன. உயிர் தப்பியவர்களில் பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து குடியேறினார்கள். கிளிநொச்சியின் பாரதிபுரம், மலையாளபுரம் போன்ற கிராமங்களில் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். இடம்பெயர்ந்து வந்த இடத்தில் யுத்தமும் அவர்களை விடவில்லை. இவ்விதழை வாசிக்கும் சகோதரிகள் சிலருக்கு அந்த மலையடிவாரத்தில் இன்னும் சித்தியோ மாமாவோ இருக்கக்கூடும்.

யார் இந்த இளைஞர் தலைவர்கள்?

குருவிட்ட, கொழும்பிலிருந்து இரத்தினபுரிக்குச் செல்லும் பிரதான வீதியில், இரத்தினபுரி நகருக்குச் சற்று முன்னால் இருக்கிறது. எரத்ன வழியாகச் சிவனொளிபாதமலை ஏறுவோர் இங்கிருந்துதான் பிரிந்து செல்வார்கள். இறப்பரும் தேயிலையும் கலந்த பகுதி. தாழ்ந்த நிலங்களில் மாணிக்கக்கல் அகழும் குழிகள். தோட்டங்கள் ஒன்றுக்கொன்று தூரத்தில் இருக்கின்றன. நடுவிலே சிங்களக் கிராமங்கள். நுவரெலியாவைப் போலத் திரும்பிய பக்கமெல்லாம் தமிழ் கேட்கும் இடம் அல்ல. ஆகவே இங்குள்ள இளைஞர்கள் இரு மொழியும் சரளமாகப் பேசுகிறார்கள்.

பயிற்சிக்கு வந்தவர்கள் இருபது பேரளவில். பெரும்பாலானோர் 18 வயதுக்கும் 25 வயதுக்கும் இடைப்பட்டவர்கள். உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருப்பவர்கள், கொழும்பில் கடைகளில் வேலை செய்துவிட்டுத் திரும்பியவர்கள், முன்பள்ளி ஆசிரியைகள். இவர்கள் செய்யும் வேலைக்குச் சம்பளம் கிடையாது. மாலையில் லயத்துக் காம்பிராவிலோ கோயில் மண்டபத்திலோ சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஞாயிறு காலையில் அறநெறி வகுப்பு நடத்துகிறார்கள். சிறுவர் கழகம், விளையாட்டுக் கழகம், மாரியம்மன் திருவிழா, வெள்ளம் வந்தால் உலர் உணவுப் பொதி பகிர்வது எல்லாம் இவர்களுடைய தலையில்தான்.

சனிக்கிழமை தோட்டத்தில் வேலை நாள். தொடர்ச்சியாக இரண்டு நாள் பயிற்சி வைத்தால் நாட்சம்பளம் போகும். ஆகவே நான்கு ஞாயிற்றுக்கிழமைகளாக, அறநெறி வகுப்பு முடிந்த பின்னர் அரை நாள் வீதம் பிரித்துக்கொண்டோம். இதனால் எதிர்பாராத நன்மை ஒன்றும் கிடைத்தது. ஒரு வாரம் கேட்டதை மனதில் வைத்துக்கொண்டு ஆறு நாள் தம் தோட்டத்தைப் பார்த்தார்கள். அடுத்த ஞாயிறு கேள்விகளோடு வந்தார்கள். பயிற்சியின் பாதி அந்த ஆறு நாட்களில்தான் நடந்தது என்று சொல்வேன்.

"எங்களையே சந்தேகப்படுறீங்களா?"

முதல் ஞாயிறு வந்த முதற் கேள்வி இது. அதிலே கோபமும் இருந்தது, மனவருத்தமும் இருந்தது. "நாங்க சும்மா வந்து புள்ளைகளுக்குப் படிச்சுக் குடுக்கிறோம். அதுக்கு இதுவா அக்கா மரியாதை?"

நான் அவர்களிடம் கொழுந்து நிறுக்கும் தராசைப் பற்றிக் கேட்டேன். "நிறுக்கும்போது அம்மாமார் ஏன் பக்கத்தில் நின்று முள்ளைப் பார்க்கிறார்கள்? கணக்கப்பிள்ளை எல்லோரும் கள்ளர் என்றா?" எல்லோரும் சிரித்தார்கள். ஒரு தங்கச்சி சொன்னாள்: "அப்படியில்ல அக்கா. பாத்துக்கிட்டு நின்னா அவருக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது. பொறகு பேச்சு வராது." இதைவிடத் தெளிவாக எந்தக் கைந்நூலும் சொல்லாது. நல்லவரையும் கெட்டவரையும் முகத்தைப் பார்த்துப் பிரிக்க எம்மால் முடியாது. ஆகவே எல்லோருக்கும் ஒரே விதியை வைத்துக்கொள்கிறோம். அந்த விதி பிள்ளையையும் காக்கிறது, பொய்ப் பழியிலிருந்து தொண்டரையும் காக்கிறது.

உதவி செய்ய வந்தவர்களே தீங்கு செய்த வரலாறு உலகம் முழுவதும் உண்டு. 2002 இல் மேற்கு ஆபிரிக்காவின் கினி, லைபீரியா, சியரா லியோன் ஆகிய நாடுகளின் அகதி முகாம்களைப் பற்றி ஐக்கிய நாடுகள் அகதிகளுக்கான உயர்ஸ்தானிகரகமும் சிறுவர் பாதுகாப்பு நிதியமும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. நிவாரணப் பொருளைக் கையில் வைத்திருந்தவர்கள் அதனைக் காட்டிச் சிறுமிகளைத் துஷ்பிரயோகம் செய்ததாக அங்குள்ள பிள்ளைகளே சொல்லியிருந்தார்கள். அதன் பின்னர் 2003 ஒக்டோபரில் ஐ.நா. செயலாளர் நாயகம் தமது ஊழியர்களுக்கு எழுத்திலே விதி வகுத்தார். 18 வயதுக்குட்பட்டவருடன் பாலியல் உறவு கூடாது, உதவிக்குப் பதிலாக உடலைக் கேட்பது கூடாது என்பன அவ்விதிகளில் அடங்கும். வரிசையில் நின்று அரிசியும் தறப்பாளும் வாங்கியவர்கள் நாங்கள். பொருள் பகிர்பவருடைய கையில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பதை எமக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

இன்னொன்றையும் நாம் மறக்கக்கூடாது. யுத்த காலத்தில் எமது பிள்ளைகளை ஆயுதக் குழுக்கள் சேர்த்தபோது, அழைக்க வந்தவர்கள் எல்லோரும் அந்நியர் அல்ல. பிள்ளைகள் அண்ணா என்றும் அக்கா என்றும் கூப்பிட்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். பிள்ளையின் நம்பிக்கையைப் பெற்றவருக்குப் பிள்ளையின் மீது பலம் உண்டு. அந்தப் பலத்துக்கு ஓர் எல்லை தேவை.

அந்த எல்லையை நான் எழுதிக் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. அவர்களே நான்கு குழுவாக இருந்து எழுதினார்கள். பிள்ளையோடு பூட்டிய அறையில் தனியே இருப்பதில்லை. வகுப்பில் எப்போதும் பெரியவர்கள் இருவர் இருப்பது. ஒரு பிள்ளைக்கு மட்டும் காசோ பரிசோ கொடுப்பதில்லை. தாய் தகப்பனைக் கேட்காமல் படம் எடுத்து முகநூலில் போடுவதில்லை. பிள்ளைக்கு இரவில் தனியாகச் செய்தி அனுப்புவதில்லை. அடிப்பதில்லை. சந்தேகம் வந்தால் அன்றைக்கே சொல்வது.

இவற்றில் மிக நீண்ட வாக்குவாதம் 'அடிப்பதில்லை' என்பதற்குத்தான். "அடிக்காம எப்படிப் படிக்க வைக்கிறது? எங்கள அடிச்சுத்தானே வளத்தாங்க" என்றார்கள். பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனையைத் தடை செய்து கல்வி அமைச்சு 2005 இலேயே சுற்றுநிருபம் வெளியிட்டிருப்பதைச் சொன்னேன். 2021 பெப்ரவரியில் மாணவன் ஒருவனை ஆசிரியர் அறைந்த வழக்கில், அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரை மீறப்பட்டதாக உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததையும் சொன்னேன். சட்டத்தைக் கேட்டு அவர்கள் அவ்வளவாக அசையவில்லை. ஆனால் ஒரு கேள்வி அசைத்தது. "உங்களுக்கு அடித்த ஆசிரியரிடம், வீட்டில் நடந்த ஒரு கெட்ட காரியத்தைப் போய்ச் சொல்லியிருப்பீர்களா?" சபை அமைதியாகிவிட்டது. அடிக்கும் கையிடம் பிள்ளை எதனையும் சொல்லாது. அதன் பிறகு அந்த விதியை யாரும் வெட்டவில்லை.

படம் வரைந்தபோது

இரண்டாவது ஞாயிறு, தோட்டத்தின் படத்தைப் பெரிய தாளில் வரையச் சொன்னோம். மேட்டு லயம், பணிய லயம், பீலி, மலசலகூடம், கடை, கோயில், பிள்ளை மடுவம், பாடசாலைக்குப் போகும் குறுக்குப் பாதை, இறப்பர் மலை, கைவிடப்பட்ட மாணிக்கக் குழி. பின்னர், பிள்ளைகள் போகப் பயப்படும் இடத்துக்குச் சிவப்புப் பொட்டு வைக்கச் சொன்னோம்.

ஆண்கள் வைத்த பொட்டு எல்லாம் குழியிலும் ஆற்றங்கரையிலும் காட்டிலும் இருந்தன. விழுந்துவிடுவார்கள், பாம்பு கடிக்கும், ஆறு பெருகும். பெண்கள் வைத்த பொட்டு வேறு இடங்களில் இருந்தன. பீலிக்குப் போகும் பாதை, கதவில்லாத மலசலகூடம், கடை வாசல், சொந்தக்காரர் வீடு. ஒரு யுவதி தன் சொந்த லயத்தின் மீதே பொட்டு வைத்துவிட்டு எதுவும் பேசாமல் உட்கார்ந்துவிட்டாள். ஏன் என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தோம்.

துஷ்பிரயோகம் செய்பவர் பெரும்பாலும் பிள்ளைக்குத் தெரிந்தவர்தான் என்பதை விரிவுரையாகச் சொல்வதற்கு முன்னரே அந்தத் தாள் சொல்லிவிட்டது.

அடுத்து நேரத்தைப் பற்றிப் பேசினோம். இறப்பர் பால் வெட்டும் தாய் விடியற்காலையில் போய்விடுகிறாள். காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக வடியும். கொழுந்து எடுக்கும் தாய் மாலையில் நிறுத்துவிட்டுத்தான் திரும்புவாள். பாடசாலை முடிந்து பிள்ளை வருவதற்கும் தாய் வருவதற்கும் இடையில் சில மணி நேரம் பிள்ளை தனியே இருக்கிறது. தாய் வெளிநாட்டுக்குப் பணிப்பெண்ணாகப் போயிருந்தால் அந்த நேரம் இன்னும் நீளம். "அம்மா பாக்கிறதில்ல, அதான்" என்று ஒருவர் சொன்னார். தாயைக் குறை சொல்வது எல்லா இடத்திலும் சுலபமாகத்தான் இருக்கிறது. கணவனை இழந்து தனித்துக் குடும்பம் நடத்தும் எமது பெண்களும் இதே சொல்லைக் கேட்டுக் கேட்டுக் களைத்தவர்கள். தாய் உழைக்காவிட்டால் அடுப்பு எரியாது. பிழை அந்த நேரத்தைப் பயன்படுத்துபவனில் இருக்கிறது. இளைஞர்கள் நடத்தும் மாலை வகுப்பு அந்த வெறும் நேரத்தை நிரப்புகிறது. அவர்களுடைய சம்பளமில்லாத வேலைக்கு எவ்வளவு பெறுமதி என்பதை அன்றுதான் அவர்களே உணர்ந்தார்கள்.

கேட்பது எப்படி

மூன்றாவது ஞாயிறு, ஒரு பிள்ளை வந்து சொன்னால் என்ன செய்வது என்று நடித்துப் பார்த்தோம். இருவர் இருவராக இருந்து ஒருவர் பிள்ளையாகவும் ஒருவர் தலைவராகவும் நடித்தார்கள்.

எல்லோரும் செய்த முதல் காரியம் வாக்குக் கொடுத்ததுதான். "யாருக்கும் சொல்ல மாட்டேன், நீ சொல்லு." அது அன்பினால் வரும் வாக்கு. ஆனால் காப்பாற்ற முடியாத வாக்கு. பிள்ளை ஏற்கெனவே ஒருவரால் ஏமாற்றப்பட்டிருக்கிறது. இரண்டாவது முறையும் ஏமாறக்கூடாது. "உனக்கு உதவக்கூடிய ஒருவருக்கு மட்டும் சொல்வேன், யாரிடம் என்று உனக்குச் சொல்லிவிட்டே சொல்வேன்" என்பதே நேர்மையான பதில்.

இரண்டாவது, கேள்வி. "ஏன் அங்கே போனாய்? ஏன் அப்போதே சொல்லவில்லை?" ஏன் என்ற சொல் பிள்ளையின் காதில் குற்றச்சாட்டாகத்தான் விழும். மூன்றாவது, துருவித் துருவி விசாரிப்பது. விசாரிப்பது எமது வேலை அல்ல. ஒரு பிள்ளை தாயிடம், ஆசிரியரிடம், தலைவரிடம், பொலிஸாரிடம், வைத்தியரிடம், நீதிமன்றத்தில் என்று அதே கதையைச் சொல்லிச் சொல்லிச் சோர்ந்துபோகிறது. சொல்லும்போது ஒரு சொல் மாறினாலும் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அதனைப் பிடித்துக்கொள்வார். பிள்ளையின் வாக்குமூலத்தை ஒளிப்பதிவு செய்து நீதிமன்றில் சமர்ப்பிக்க 1999 முதல் சட்டத்தில் இடம் உண்டு. பிள்ளை எத்தனை குறைந்த தடவை சொல்கிறதோ அத்தனை நல்லது. ஆகவே நாம் கேட்டதைப் பிள்ளையின் சொற்களிலேயே எழுதி, திகதியும் நேரமும் போட்டு வைத்தால் போதும்.

நான்காவது, சந்தேக நபரிடம் போய்ச் சண்டை பிடிப்பது. இளைஞர்களுக்கு இதைத் தடுப்பதுதான் மிகவும் கடினம். "நாலு பேரு போய் ரெண்டு போட்டா சரியாப் போகும் அக்கா." சரியாகாது. ஆள் எச்சரிக்கையாகிவிடுவான், சாட்சி கலைந்துவிடும், அடித்தவர் சிறை போவார், பிள்ளை அதே லயத்தில் தனியே இருக்கும்.

ஒரு பிள்ளை சொன்னபோது

பயிற்சி முடிந்து சில மாதங்களுக்குப் பின்னர் இவை எல்லாம் நிஜமாகவே தேவைப்பட்டன. பிள்ளையின் அடையாளம் தெரியாமலிருக்கச் சில விபரங்களை மாற்றியே எழுதுகிறேன்.

மாலை வகுப்பு நடத்தும் ஒரு யுவதியிடம் ஆறாம் ஆண்டு படிக்கும் பிள்ளை ஒன்று வகுப்பு முடிந்தும் போகாமல் நின்றது. பிறகு சொன்னது. அந்த ஆள் குடும்பத்துக்கு மாமா முறை. தகப்பனுக்குக் கடன் கொடுத்தவர். கோயில் காரியங்களில் முன்னுக்கு நிற்பவர். யுவதி சொன்னது இவ்வளவுதான்: "நீ சொல்றத நான் நம்புறேன். நீ எதுவும் தப்பு செய்யல. இத நான் ஒருத்தங்ககிட்ட சொல்லணும். யாருன்னு ஒனக்கும் சொல்லுவேன்." பின்னர் கொப்பியில் எழுதினாள். தாய் வேலையால் வரும் வரை பிள்ளையோடு வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

தாய் முதலில் அழவில்லை. கடனைப் பற்றித்தான் பேசினாள். அன்றிரவே செய்தி எப்படியோ பெரியவர்களின் காதுக்குப் போய்விட்டது. "கோயில்ல வச்சுப் பேசித் தீத்துக்குவோம். பொலிஸ் கிலிஸுன்னு போனா புள்ள பேருதான் கெட்டுப்போகும்" என்றார்கள். கடனைத் தள்ளிவிடுவதாகவும் பேச்சு வந்தது. இத்தகைய சமாதானத்தை நாமும் கண்டிருக்கிறோம். பிள்ளையின் உடலுக்கு விலை பேசி, அந்த விலையைப் பெரியவர்கள் வாங்கிக்கொள்வார்கள். சில இடங்களில் பிள்ளையை அதே ஆளுக்குக் கட்டிவைக்கவும் பார்ப்பார்கள். 1995 இல் திருத்தப்பட்ட பொதுச் சட்டத்தின்படி 18 வயதுக்கு முன்னர் திருமணம் இல்லை. 16 வயதுக்குட்பட்ட பெண் பிள்ளை சம்மதித்தாள் என்று சொல்வதும் சட்டத்தில் செல்லாது.

யுவதி அடுத்த நாள் காலையில் தாயையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு 1929 என்ற இலக்கத்துக்குப் பேசினாள். அது 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலவச இலக்கம். இரவு பகல் எந்நேரமும் தமிழிலும் பேசலாம். பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தருக்கும் அறிவித்தாள். அந்த உத்தியோகத்தரின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் பயிற்சியின் முதல் நாளே எல்லோரும் கொப்பியின் பின்னட்டையில் எழுதியிருந்தார்கள். எங்கே அனுப்புவது என்று தெரியாமல் 'சொல்லு, சொல்லு' என்று பிள்ளைகளை ஊக்குவிப்பது கொடுமை. ஆகவே அந்தப் பின்னட்டைதான் பயிற்சியின் மிக முக்கியமான பக்கம்.

பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டது. தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் இல்லை என்றார்கள். யுவதியையே மொழிபெயர்க்கச் சொன்னார்கள். அவளுக்குச் சிங்களம் நன்றாக வரும். ஆனாலும் மறுத்தாள். பிள்ளை சொன்னதை முதலில் கேட்டவளே மொழிபெயர்த்தால், அவள் சொல்லிக்கொடுத்தாள் என்று நாளை சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தாய்மொழியில் அரசோடு பேசும் உரிமை அரசியலமைப்பில் இருக்கிறது என்பதையும் மரியாதையாகச் சொன்னாள். மறுநாள் தமிழ் பேசும் பெண் உத்தியோகத்தர் ஒருவர் வரவழைக்கப்பட்டார். வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய தாளில் கையொப்பம் இட்ட அனுபவம் எமது பெண்கள் எத்தனை பேருக்கு உண்டு! அந்த ஒரு நாள் தாமதத்தை அவள் கேட்டு வாங்கியதை நான் பெரிய காரியமாக நினைக்கிறேன்.

வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. அதைப் பற்றி மேலும் எழுதுவது முறையல்ல.

சொன்னவளுக்கு யார் துணை?

அந்த யுவதியை யாரும் அடிக்கவில்லை, திட்டவுமில்லை. மாலை வகுப்புக்குப் பிள்ளைகள் வருவது நின்றது. அந்த வருடத் திருவிழாவுக்கு வரி வாங்க வந்தவர்கள் அவளுடைய காம்பிராவை மட்டும் தாண்டிப் போனார்கள். தோட்டத்தில் வரி வாங்காமல் விடுவது என்றால், நீ எங்களில் ஒருத்தி இல்லை என்று சொல்வதாகும். அவளுடைய தகப்பன் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

பாதிக்கப்பட்டவரையும் சாட்சியையும் பாதுகாக்க 2015 இல் ஒரு சட்டம் வந்தது. அதன் இடத்தில் 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம் வந்துள்ளது. மிரட்டினால் அது உதவும். ஆனால் வரி வாங்காமல் தாண்டிப் போவதற்கு எந்தச் சட்டத்தில் தண்டனை இருக்கிறது?

அவளுக்குத் துணையாக வந்தது பால் வெட்டும் மூன்று பெண்கள். ஒரு மாலை தங்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, "வகுப்ப வை பாப்பா, எங்க புள்ளைக வரும்" என்றார்கள். அவ்வளவுதான். பிறகு மெல்ல மெல்ல மற்றப் பிள்ளைகளும் வந்தார்கள். அந்த மூன்று பெண்களும் எந்தப் பயிற்சிக்கும் வந்தவர்கள் அல்ல.

தனியே முறையிடுபவரை ஊர் இலகுவில் ஒடுக்கிவிடும். சேர்ந்து நிற்பவர்களை ஒடுக்குவது கடினம். காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார் வீதியோரம் அமர்ந்தபோது எமக்குக் கற்றுத் தந்ததும் இதுவே. ஆகவே இதன் பின்னர் நடந்த பயிற்சிகளில் தாய்மாருக்கும் ஓர் அமர்வு சேர்க்கப்பட்டது. ஒரு தோட்டத்தில் ஒருவர் மட்டும் பொறுப்பாக இருப்பதில்லை. குறைந்தது இருவர், அவர்களில் ஒருவர் பெண். முறைப்பாடு செய்தவர் யார் என்று வெளியே சொல்வதில்லை.

கைத்தொலைபேசியும் காதலும்

இளைஞர்களே கிளப்பிய கடினமான கேள்வி ஒன்றையும் சொல்ல வேண்டும். "எனக்கு 19, அவளுக்கு 17. ரெண்டு பேருக்கும் விருப்பம். இதுல என்ன தப்பு?" சட்டத்தைப் புரட்டிப் பதில் சொல்லிவிடலாம். ஆனால் கேள்வி அதுவல்ல. அவள் அவருடைய வகுப்பில் படிப்பவளா என்று திருப்பிக் கேட்டோம். ஆம் என்றால், அவர் கையில் புள்ளி இருக்கிறது, பாராட்டு இருக்கிறது, யார் நாடகத்தில் நடிப்பது என்ற முடிவு இருக்கிறது. அவள் 'மாட்டேன்' என்று சொல்ல விரும்பினாலும் சொல்ல முடியாத இடம் அது. விருப்பம் உண்மையானால் பொறுத்திருக்கும். பொறுப்பாக இருக்கும் காலம் வரை மாணவியோடு உறவு இல்லை என்று அவர்களே கோவையில் ஒரு வரியைச் சேர்த்தார்கள்.

2020 இல் பாடசாலைகள் மூடப்பட்டு வகுப்புகள் தொலைபேசிக்கு வந்த பின்னர் ஒவ்வொரு பிள்ளையின் இலக்கமும் பலருடைய கையில் இருக்கிறது. வட்ஸ்அப் குழுவில் தாயோ வேறு ஒரு பெரியவரோ இருக்க வேண்டும் என்பது சிறிய விதிதான். ஆனால் அதுவே பல வாசல்களை அடைக்கிறது.

பிள்ளைகளை வெளியே வேலைக்கு அனுப்பும் தரகர்களைப் பற்றியும் பேசினோம். 2021 ஜூலையில் டயகம தோட்டத்தைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி கொழும்பில் அரசியல்வாதி ஒருவரின் வீட்டில் வேலை செய்தபோது தீக்காயங்களோடு இறந்ததை அவர்கள் எல்லோரும் அறிந்திருந்தார்கள். வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயது அதே ஆண்டில் 14 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. ஒரு பிள்ளை திடீரென்று வகுப்புக்கு வராமல் நின்றால் இரண்டாம் நாளே வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டும் என்பது அவர்களுடைய முடிவு.

நாம் கேட்கக்கூடியவை

இரத்தினபுரி வெள்ளத்துக்குப் பேர் போன மாவட்டம். 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் மண்சரிவிலும் வெள்ளத்திலும் பலர் மாண்டார்கள். மக்கள் பாடசாலைகளில் தங்கினார்கள். அத்தகைய வேளையில் முதலில் ஓடி வருபவர்கள் இந்த இளைஞர்கள்தான். முகாமில் பெண்கள் குளிக்கும் இடத்துக்கு மறைப்பு உண்டா, இரவில் மலசலகூடப் பாதையில் வெளிச்சம் உண்டா, தாயில்லாத பிள்ளை யாரோடு படுக்கிறது என்று பார்க்க அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுப்பது? அந்தக் கேள்விகளை நான் மெனிக் பாமில் இருந்த பெண்களிடம் கேட்டறிந்துதான் பயிற்சிக்குக் கொண்டுபோனேன். நீங்கள் பட்ட கஷ்டம் குருவிட்டவில் பாடமாகியிருக்கிறது.

எமது கிராமங்களுக்கும் பலர் வருகிறார்கள். மாலை வகுப்பு, விளையாட்டுப் பயிற்சி, சமய வகுப்பு, உளவள ஆலோசனை, வெளிநாட்டு உதவி. அவர்களை நன்றியோடு வரவேற்போம். ஆனால் மாதர் சங்கமாக இருந்து சில கேள்விகளையும் கேட்போம். பிள்ளைகளோடு நடந்துகொள்ளும் முறை பற்றி எழுத்தில் விதி வைத்திருக்கிறீர்களா? அதனை எங்களுக்கு வாசித்துக் காட்டுவீர்களா? வகுப்பில் எப்போதும் பெரியவர்கள் இருவர் இருப்பார்களா? படம் எடுத்தால் எங்கே போடுவீர்கள்? உங்களில் ஒருவரைப் பற்றியே முறைப்பாடு வந்தால் நாங்கள் யாரிடம் சொல்ல வேண்டும்?

கடைசிக் கேள்வியைக் கேட்கும்போது சிலருக்கு முகம் சுருங்கும். பரவாயில்லை, கேளுங்கள். உண்மையாகவே பிள்ளைகளுக்காக வந்தவர் இருந்து பதில் சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்.